சுவருக்கு மண் வெட்டிய கிடங்கு

என் தங்கையை நுளம்பு கொன்றது என்றுதான் ஊரில் சொன்னார்கள். நானும் பல வருடங்கள் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தேன். வசதியான பேச்சு அது. நுளம்புக்குக் கடித்து இரத்தம் குடிக்க வாய் உண்டு, மறுத்துப் பேச வாய் இல்லை.

போர் நடந்த காலம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம் எங்கள் ஊர். அதனால் அது படுவான்கரை. கிழக்கே எழுவான்கரை. பட்டினம், அரசாங்கக் கச்சேரி, பெரியாஸ்பத்திரி எல்லாம் அந்தப் பக்கம். அங்கே ஆமி நின்றது. எங்கள் பக்கத்தில் இயக்கப் பெடியன்கள் நின்றார்கள். நடுவில் கிடந்த தண்ணீரைத் தாண்ட ஒரு மிதவை ஓடியது. அதைப் 'பாதை' என்போம். காலை ஏழு மணிக்குத் தொடங்கி மாலை ஐந்துக்கு நின்றுவிடும். சில நாட்களில் காரணம் சொல்லாமலே நிற்கும். காய்ச்சலோ பிரசவமோ, எதுவானாலும் பாதை ஓடுகிற நேரம் பார்த்து வந்தால்தான் உண்டு.

நான் ஊர்ச் சங்கக்கடையில், அதாவது கூட்டுறவுக் கடையில், மனேச்சராக இருந்தேன். பெயர்தான் பெரிது. கடையில் இருந்தவை ஒரு தராசு, சில வெற்றுச் சாக்குகள், ஒரு மண்ணெண்ணெய்ப் பீப்பா. இந்தக் கரைக்கு எவ்வளவு எண்ணெய் வரலாம் என்பதை அந்தக் கரையில் தீர்மானித்தார்கள். வந்தால் குடும்ப அட்டைக்கு அரைப் போத்தல். என்னிடம் ஒரு பழைய சாராயப் போத்தல் இருந்தது. அதன் நடுவில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்திருந்தேன். அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு துளி போகாது, கீழே ஒரு துளி குறையாது. "மனேச்சர் எண்ணெய் ஊத்தினா எறும்பு கூட நக்க ஏலா" என்று பெண்கள் சிரிப்பார்கள். எனக்கு அது புகழ்ச்சியாகவே பட்டது. எனக்கு முன்னால் இருந்தவர் பின்கதவால் எண்ணெய் கொடுத்தார் என்று ஊர் பேசியது. அதன்பிறகு அவர் கோயில் திருவிழாவுக்குக்கூட வேலியோரமாக வந்து வேலியோரமாகவே போனதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு நல்ல பெயர் வேண்டியிருந்தது. இருபத்தாறு வயது. அதைத் தவிர வேறு எதுவும் என் கையில் இல்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து இருப்பான். மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணப் பேச்செடுக்க முடியாது. தகப்பன் இல்லாவிட்டால் அந்தப் பாரம் அண்ணன் தலையில். எங்கள் அப்பா நான் படிக்கும்போதே போய்விட்டார். அவர் கட்டிய ஓட்டு வீடு ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் எரிந்துபோனது. அதன்பிறகு அம்மா, தங்கை, நான் மூவரும் அதே வளவில் ஒரு கிடுகுக் கொட்டிலில் இருந்தோம். தங்கைக்கு இருபத்திரண்டு வயதானபோது பக்கத்து ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். வயல் செய்கிற பையன். அவனுடைய தாய் எங்கள் கொட்டிலைச் சுற்றி ஒருமுறை கண்ணை ஓட்டிவிட்டு, "மண்வீடெண்டாலும் ஒரு வீடு வேணும்தானே தம்பி" என்றார். நியாயமான பேச்சு. கோபம் வந்தாலும் நியாயம் நியாயம்தான். நான் வீடு கட்ட இறங்கினேன்.

ஆனி மாதம். மரவேலைக்கு வந்த ஓடாவியார் முதலில் நிலம் பார்த்தார். முழ ஆழம், முழ அகலத்தில் ஒரு குழி வெட்டி, வெட்டிய மண்ணை அப்படியே திருப்பிப் போட்டு மிதித்தார். வீட்டு நிலத்துக்கு எங்கள் பக்கத்தில் வைக்கிற சோதனை இது. மண் குறைந்து குழி நிரம்பாமல் போனால் அந்த நிலத்தில் குடி நிலைக்காது. சரியாக நிரம்பினால் பாதகமில்லை. நிரம்பி மிஞ்சினால் வீடு பெருகும். எங்கள் குழியில் இரண்டு கை மண் மிஞ்சியது.

"மிஞ்சிட்டு! இனி ஒண்டுக்கும் யோசியாதீங்க. புள்ளகுட்டியோட நல்லா வாழுவா" என்றார் ஓடாவியார்.

அம்மா அந்த இரண்டு கை மண்ணையும் ஒரு கிண்ணத்தில் அள்ளிச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தார். நான் உள்ளுக்குள் சிரித்தேன். ஆனால் குறையாததில் எனக்கும் சந்தோசம்தான்.

சுவருக்குக் களிமண் வேண்டும். நல்ல களி வட்டையில் இருந்தது, வயல்வெளியில் குளக்கட்டுக்குக் கீழே. முன்பெல்லாம் வண்டிலில் அள்ளிக்கொண்டு வருவார்கள். அந்த வருடம் வட்டைக்குப் போகும் வண்டில் தடத்தில் கண்ணிவெடி வெடித்து ஒரு சோடி மாடு செத்தது, வண்டில்காரருக்கு ஒரு கால் போனது. சுவர் மண்ணுக்காக இன்னொரு கால் கொடுக்க ஆளில்லை. ஆகவே வளவின் பின்பக்கம், வீடு வரப்போகிற இடத்திலிருந்து இருபதடி தள்ளி, நானே மண்வெட்டியைப் போட்டேன். மேலே மணல். முழங்கால் அளவு போனதும் களி வந்தது. வெட்ட வெட்ட நல்ல களி. எனக்குக் கொண்டாட்டம்.

நான் வெட்டி மேலே எறிவேன். தங்கை தண்ணீர் தெளித்து, உமியும் வைக்கோலும் போட்டு, சீலையைச் செருகிக்கொண்டு மிதிப்பாள். காட்டுக் கம்புகளை நட்டு வரிச்சுக் கட்டி, மிதித்த மண்ணை இரண்டு பக்கமும் அப்பினோம். ஒரு சுவர் கொஞ்சம் வயிறு தள்ளி வந்துவிட்டது. "கடையில போத்தலுக்குக் கோடு கீறுற மனுசன், சுவருக்கு ஒரு கோடு கீற ஏலாமப் போயிட்டே" என்று அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். முழங்கால் வரைக்கும் சேறு, கன்னத்திலும் சேறு. அவளை நினைத்தால் முதலில் வருவது அந்த முகம்தான். ஆஸ்பத்திரியில் பார்த்த முகம் அதற்குப் பிறகுதான் வரும். அந்த மட்டில் எனக்கு ஒரு இரக்கம் காட்டப்பட்டிருக்கிறது.

ஆடி முடிவதற்குள் இரண்டு அறையும் ஒரு விறாந்தையுமாக வீடு எழும்பியது. பின்னால் ஆள் உயர ஆழத்தில், பத்தடி நீளத்தில், மண் வெட்டிய பள்ளம் பெரிய கிடங்காகக் கிடந்தது.

"அத மூடிப்போடு மனே. வீட்டுக்குப் பின்னால வாய் திறந்த கிடங்கு கிடக்கப்படா" என்றார் அம்மா.

நான் மறுத்தேன். "கிடக்கட்டும். மேல தென்னங்குத்தி அடுக்கி மண் போட்டா பங்கர். ஹெலி வந்தா எங்க ஓடுற?"

இதுவும் நியாயமான பேச்சுத்தான். அந்த மாதத்தில் இரண்டு தடவை ஹெலி வந்து சுட்டிருந்தது. இரண்டாம் தடவை நாங்கள் மூவரும் வாழை மரங்களுக்குள் குப்புறக் கிடந்தோம். வாழைத் தண்டு என்ன சன்னத்தை மறிக்கவா போகிறது? அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். ஆனால் தென்னங்குற்றி கிடைக்கவில்லை. கலியாண அலுவல் வந்தது. ஆவணியில் கலியாணம் நடந்தது. பந்தல் கழற்றி முடிய, பிறகு பார்க்கலாம் என்றேன். ஐப்பசியில் மழை இறங்கியது. கிடங்கு கழுத்து வரை நிரம்பியது. இனிக் கோடை வந்து வற்றட்டும், அப்போது மூடியைப் போடலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த மாரியில் ஊரே காய்ச்சலில் படுத்தது. ஒரு வீட்டில் ஒருவன் எழும்ப, மற்றவன் விழுவான். சாக்கு, சீலை, பாய் என்று கிடைத்ததையெல்லாம் மேலே போட்டாலும் கட்டில் சட்டம் ஆடும். பிறகு அனல் கொதிக்கும், பிறகு வேர்க்கும், பிறகு ஒன்றுமே நடக்காதது போல எழும்பிச் சோறு கேட்பான். நாள் விட்டு நாள் அதே கூத்து. காய்ச்சல் விட்டதும் மிச்சக் குளிசையைக் கடதாசியில் சுற்றிக் கூரையில் செருகி வைப்பது எங்கள் ஊர் வழக்கம். கைப்பு மருந்து, அடுத்தவனுக்கு உதவும் என்ற நினைப்பு. அரை மருந்து குடித்தவனுக்கும் நோய் மாறாது, அதே அரை மருந்தை வாங்கிக் குடித்தவனுக்கும் மாறாது. மருந்துக்கு அவ்வளவு பஞ்சம்.

நாங்கள் நுளம்புக்குப் பயப்படாதவர்கள் அல்ல. தங்கை துப்புரவுக்காரி. சிரட்டைகளைக் கவிழ்ப்பாள், அடுப்படித் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டுவாள், பொழுதுபட வேப்பிலைப் புகை போடுவாள். நுளம்பு அழுக்கில் பிறக்கும், இதுதான் எங்களுக்குத் தெரிந்த விஞ்ஞானம். தை பிறந்து மழை விட்டபோது கிடங்கில் களி அடியில் படிந்து தண்ணீர் தெளிந்திருந்தது. விழுந்த ஊசியைக் கண்டெடுக்கலாம், அவ்வளவு தெளிவு. எங்கள் கிணறு வீடு எரிந்தபோது இடிபாடு விழுந்து தூர்ந்துபோனது. குடிதண்ணீருக்கு ஊர்க் கிணற்றுக்கு நடக்க வேண்டும். தங்கை அப்போது நாலு மாதப் பிள்ளைத்தாச்சி. ஏனம் கழுவவும் மிளகாய்க் கன்றுக்கு ஊற்றவும் கிடங்குத் தண்ணீர் காலடியில் இருந்தது அவளுக்குப் பெரிய உதவி. "அண்ணன் எனக்குக் குளமும் வெட்டித் தந்திட்டார்" என்று தன் புருசனிடம் சொன்னாள்.

எங்கள் ஊருக்கு ஒரு மலேரியாக்காரர் வருவார். எழுவான்கரையில் வீடு. பாதை ஓடினால், நாலு கிழமைக்கு ஒருமுறை, சைக்கிளில். ஐம்பது வயதிருக்கும். சைக்கிளில் ஒரு தோல்பை, கண்ணாடித் துண்டுகள் அடுக்கிய ஒரு பெட்டி, நீளப் பிடி போட்ட வெள்ளை அகப்பை ஒன்று. விரல் நுனியில் குத்தி, இரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, காயவைத்து, அந்தக் கரைக்குக் கொண்டுபோவார். அங்கே நுணுக்குக்காட்டியில் பார்த்து எழுதிய துண்டு அவர் அடுத்த முறை வரும்போது வரும். அதற்குள் காய்ச்சல்காரன் எழும்பியிருப்பான், அல்லது போயிருப்பான்.

தை மாதக் கடைசியில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது மச்சான், அதாவது தங்கையின் புருசன், காய்ச்சலில் கிடந்தான். அவனுக்குக் குத்தினார், குளிசை கொடுத்தார், முழுவதையும் குடிக்கும்வரை விடமாட்டேன் என்று தங்கையிடம் சத்தியம் வாங்கினார். பிறகு வீட்டில் எல்லோருக்கும் குத்தினார். தங்கை விரலை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் அவளுடைய வயிற்றைப் பார்த்து, "நீங்க வலைக்குள்ள படுங்க புள்ள. இது புள்ளத்தாச்சிய லேசில விடாது" என்றார். எங்களிடம் ஒரே ஒரு வலை இருந்தது, கலியாணத்துக்கு வந்தது. அதைக் காய்ச்சல்காரனுக்குக் கட்டிவிட்டு அவள் விறாந்தையில் படுத்தாள். அவர் சொன்ன பிறகும் அப்படித்தான்.

பிறகு அவர் அகப்பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். நான் கூடப் போனேன். எங்கள் வாய்க்காலைப் பார்த்துத் தலையாட்டினார். கிடங்கின் ஓரத்தில் குந்தி, அகப்பையைச் சரித்து மெல்ல ஒரு கோலு கோலி அள்ளினார். வெள்ளை அகப்பையில் தெளிந்த தண்ணீர். நான் உற்றுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பிறகு ஏதோ அசைந்தது. அரிசிக் குறுணை அளவில் பத்துப் பன்னிரண்டு புழுக்கள், தண்ணீரின் மேல் தோலோடு ஒட்டிப் படுத்திருந்தன.

"தலைகீழாத் தொங்கினா அது வேற நுளம்பு. இது பாருங்க, படுத்துக் கிடக்கு. இதுதான் ஆள். ஊத்தத் தண்ணிய இது திரும்பியும் பாராது, நல்ல தண்ணியாத் தேடி வரும்" என்றார்.

"இப்ப என்ன செய்யிற?"

"மூடுங்க."

"மண்ணுக்கு எங்க போற? அதெல்லாம் சுவரில நிக்குது. இன்னொரு இடத்தில வெட்டினா அங்க ஒரு கிடங்கு."

அவர் சிரித்தார். "அப்ப எண்ணெய் ஊத்துங்க. அரைப் போத்தல் காணும். கிழமைக்கு ஒருக்கா, தண்ணி வத்துமட்டும். நீங்கதானே சங்கக்கட மனேச்சர்."

"அதாலதான் ஏலா" என்றேன்.

சொன்னபோது எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அதை மறைத்து எழுதிப் பயனில்லை. கடை எண்ணெயைத் தொடமாட்டேன், சரி. எங்கள் வீட்டு அட்டைக்கும் அரைப் போத்தல் உண்டே, அதை ஊற்றியிருக்கலாம். சில நாட்கள் விளக்கில்லாமல் இருந்தால் யாரும் செத்துப்போவதில்லை. அந்த யோசனை எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. கூடவே, வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிற கண்களும் வந்தன. ஊர் முழுதும் துளித் துளியாக விளக்கெரிக்கும்போது மனேச்சர் கிடங்குக்குள் எண்ணெய் ஊற்றுகிறார் என்று கதை கிளம்பினால், அது என் சொந்தப் பங்கு என்று எந்த வீட்டில் போய்ச் சத்தியம் பண்ணுவது? கோடு கீறிய போத்தல் ஒரே நாளில் சிரிப்பாகிவிடும்.

"மாசி நடுவில வத்திரும் ஐயா. இன்னும் ரெண்டு மூணு கிழமதானே" என்றேன்.

"தண்ணி வத்துறதுக்குள்ள அது பறந்திரும் தம்பி" என்றார் அவர். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அன்றைக்கு அவர் பார்க்க இன்னும் இரண்டு ஊர் இருந்தது, ஐந்து மணிக்குப் பாதை நின்றுவிடும். அகப்பைத் தண்ணீரை மணலில் ஊற்றிவிட்டுப் போனார். நானும் கடைக்குப் போய்விட்டேன்.

மச்சான் எழும்பி வயலுக்குப் போனான். மூன்று கிழமை சென்று ஒரு மத்தியானம் தங்கை மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவில் அப்படியே குந்திவிட்டாள். கடையிலிருந்து நான் வந்தபோது அவளுக்கு மேலே நெல்லுச் சாக்குகள்கூட ஏறியிருந்தன. பல்லோடு பல் அடிக்கிற சத்தம் விறாந்தையில் கேட்டது. அம்மா இரண்டு வீட்டுக் கூரைகளிலிருந்து மிச்சக் குளிசைகளைச் சேர்த்துக்கொண்டு வந்தார். தங்கை முதலில் மறுத்தாள். சூட்டு மருந்து, வயிற்றுப் பிள்ளையைக் கரைத்துவிடும் என்று பயந்தாள். நான் அதட்டினேன். விழுங்கினாள், விழுங்கின கையோடு சத்தியெடுத்துக் கக்கினாள். வேறு குளிசை ஊரில் இல்லை.

இரண்டாம் நாள் காய்ச்சல் விடவேயில்லை. மூன்றாம் நாள் காலையில் என்னை "அப்பா" என்று கூப்பிட்டாள். "மண் இன்னும் பதமாகல்ல, மிதிச்சது காணாது, மிதிச்சது காணாது" என்று சொல்லிக்கொண்டு காலை உதைத்தாள். அம்மா அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. மச்சான் வண்டில் பிடித்துவர, நால்வரும் பாதைத் துறைக்குப் புறப்பட்டோம்.

பத்து மணிக்குத் துறைக்கு வந்தோம். பாதை அந்தக் கரையில் கட்டிக் கிடந்தது. விடியற்காலையில் அங்கே வெடிச் சத்தம் கேட்டதாம், பாதையை நிறுத்திவிட்டார்களாம். எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியவில்லை. மருத மரத்தின் கீழே ஏற்கெனவே ஒரு கூட்டம் காத்திருந்தது. தயிர்க்காரர் ஒருவர் மண்முட்டிகளோடு இருந்தார். தோணி ஒன்று கரையில் கிடந்தது. அதன் சொந்தக்காரரிடம் கெஞ்சினேன். "நான் வாறன் மனே. நடுத் தண்ணியில வைச்சு அவங்க சுட்டா இந்தப் புள்ளைக்கும்தானே படும்" என்றார். அவரைக் குறைசொல்ல முடியாது.

மத்தியானமாயிற்று. தங்கை தண்ணீர் கேட்கவில்லை. நாங்களாக வாயில் விட்டால் கடைவாயால் வழிந்தது. அம்மா வண்டிலில் அவள் பக்கத்தில் இருந்து, ஒரு கையை அவளுடைய வயிற்றிலேயே வைத்திருந்தார். இடையிடையே என்னைப் பார்த்து, "துடிக்குது, துடிக்குது" என்பார். அதை நம்பித்தான் அந்தப் பகலைக் கடத்தினேன். ஐந்து மணியானது. பாதை வரவில்லை. பொழுதுபட வாவிப் பக்கமிருந்து நுளம்பு கிளம்பியது. தயிர்க்காரர் தன் சால்வையைக் கழற்றித் தங்கையின் காலைப் போர்த்தினார். முட்டிகளில் தயிர் புளித்து மணந்தது. இரவில் எந்த நேரம் என்று தெரியாது, அம்மா தங்கையின் வயிற்றிலிருந்து கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் எட்டு மணிக்குப் பாதை ஓடியது. அந்தக் கரையில் சோதனைச் சாவடி. வரிசையில் ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்தார்கள். எங்கள் முறை வந்தபோது ஒரு சிப்பாய் குனிந்து தங்கையின் முகத்தைப் பார்த்தான். என் வயதுதான் இருக்கும். அந்த வெயிலில் கம்பளிச் சட்டை போட்டிருந்தான், கண் மஞ்சளாகக் கிடந்தது. "மலேரியா?" என்றான். மூன்று பாசைக்கும் பொதுவான சொல் அது. நான் தலையாட்டினேன். மூட்டையைத் தொடாமல் கையைக் காட்டிப் போகச் சொன்னான்.

பெரியாஸ்பத்திரியில் கட்டிலில்லை, நிலத்தில் பாய் போட்டுச் சேலைன் ஏற்றினார்கள். பின்னேரம் பிள்ளை வந்தது. உயிரில்லை. ஆண்பிள்ளை என்று தாதி சொன்னாள், சொல்லாமல் விட்டிருக்கலாம். மறுநாள் விடிய முன்னம் தங்கை போனாள். கடைசியில் அவளுக்கு நினைவு திரும்பவேயில்லை. "ரெண்டு நாள் முந்திக் கொண்டு வந்திருந்தா…" என்று டொக்டர் தொடங்கி, எங்கள் கரையின் பெயரைத் துண்டில் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பாதை ஓடவில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். பாதை ஓடாதது ஒரு நாள்தான். கிடங்கு கிடந்தது எத்தனை நாள்?

பிரேதத்தைப் பாதையில்தான் கொண்டுவந்தோம். அன்றைக்குப் பாதை நேரத்துக்கு ஓடியது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் மலேரியாக்காரர் வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. படலையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "புள்ள, எங்க இரிக்கிறயள்? மருந்து முழுக்கக் குடிச்சாரா மாப்புள?" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கையில் எங்கள் வீட்டுத் துண்டுகள் இருந்தன. நான் வாங்கிப் பார்த்தேன். மச்சானுக்கு மலேரியா. அம்மாவுக்கு இல்லை. எனக்கு இல்லை. தங்கைக்கு இல்லை.

அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அகப்பையில் புழுவைக் காட்டிய அன்றைக்கு அவளுடைய இரத்தத்தில் ஒன்றுமில்லை. என் முகத்தைப் பார்த்து அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். "முதல்லயே கடிச்சிருந்தா கொஞ்ச நாள் ஈரலுக்குள்ள ஒளிச்சுக் கிடக்கும் தம்பி. ரத்தத்தில தெரியாது. எந்த நுளம்பு, எங்கத்தய நுளம்பெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார். நல்ல மனுசன். எண்ணெய் ஊற்ற ஏலாது என்று நான் சொன்னதை அம்மாவின் முன்னால் அவர் ஒருபோதும் எடுத்துச் சொல்லவில்லை.

அவர் போனதும் கடையைத் திறந்து, அரைப் போத்தல் எண்ணெய் எடுத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்குப் போத்தலில் கீறிய கோட்டைப் பார்க்கவில்லை. கிடங்கில் முழங்கால் அளவு தண்ணீர் இன்னும் நின்றது. ஊற்றினேன். எண்ணெய் நிறம் நிறமாக விரிந்து நாலு பக்கக் கரையையும் தொட்டது. புழுக்கள் சுருண்டன, நிமிர்ந்தன, பிறகு அடியில் போயின. கால்மணித்தியாலம்கூட ஆகவில்லை. வேலிக்கு மேலால் இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஊரிலும் ஒரு கதை வரவில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிய மச்சான் தன் உடுப்புப் பையோடு தாய்வீட்டுக்குத் திரும்பிப் போனான். பெண் போனால் அந்த வீட்டில் அவனுக்கு இருப்பில்லை. வேறு பெண்பிள்ளை எங்களுக்கும் இல்லை. அம்மாவும் நானும் பழைய கொட்டிலுக்கே வந்துவிட்டோம். புதுவீடு பூட்டிக் கிடந்தது. ஆவணி கடந்தது. மழை வருவதற்குள் கிடங்கை மூடியே ஆக வேண்டும் என்று எனக்குப் பேய் பிடித்தது போல இருந்தது. மண்ணுக்கு எங்கே போவது?

ஒரு காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயிறு தள்ளிய சுவரில் முதல் போடு போட்டேன். சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தார். தடுப்பார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய்க் கடகம் ஒன்று எடுத்துவந்து, விழுந்த கட்டிகளை அள்ளத் தொடங்கினார். ஐந்து நாள் இருவருமாகச் சுமந்தோம். அப்பிய மண்ணில் உமியும் வைக்கோலும் அப்படியே இருந்தன. இரண்டு மூன்று கட்டிகளில் விரல் பதிந்திருந்தது, சின்ன விரல். அவற்றை நான் அம்மாவுக்குக் காட்டாமல் முதலில் கொண்டுபோய் அடியில் வைத்தேன்.

ஐந்தாம் நாள் பின்னேரம் கிடங்கு நிலமட்டத்துக்கு வந்தது. மேலே ஏறி மிதித்தேன். கடைசிச் சுவரில் பாதி இன்னும் நின்றது. அதையும் இடித்துக் கொட்டினோம், மிதித்தோம். கொட்டக் கொட்டக் குவிந்தது. அம்மா கடகத்தை வைத்துவிட்டு அந்தக் குவியலைப் பார்த்தார்.

"மிஞ்சிட்டு மனே" என்றார்.

அது குறைந்துபோக வேண்டும் என்றுதான் ஐந்து நாளும் நான் உள்ளுக்குள் நேர்ந்துகொண்டு இருந்தேன். குறைந்திருந்தால் ஓடாவியார் பிழையாகப் பார்த்துவிட்டார், நிலம் கூடாத நிலம் என்று சொல்லி ஆறியிருப்பேன். நிலத்தில் ஒரு குற்றமும் இல்லை. மண் மிஞ்சித்தான் கிடந்தது.